அடுத்து என்ன நிகழ்ச்சி?

கம்ப்யூட்டரை டி.வி. பெட்டியாக்கி, நிகழ்ச்சி நிரலையும் கைவசப்படுத்தும் வீடுகள் பெருகிவருகின்றன. ஆனால் நிரலை எழுதுவது யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காட்சி பழக்கமானதுதான். டெல்லி ஆர்.கே. புரத்திலோ மும்பை மாட்டுங்காவிலோ ஒரு தமிழ்க் குடும்பம். சோபாவில் எழுபதைத் தாண்டிய பாட்டி. எதிரே சுவரை அடைத்துக்கொண்டு பெரிய திரை. கையில் இரண்டு ரிமோட்டுகள். ஒன்று டி.வி.க்கு, மற்றது செட்டாப் பாக்ஸுக்கு. பாட்டிக்கு வேண்டியது தமிழ்ச் செய்தி. பெட்டிக்கு உயிர் வந்ததும் திரையில் குதிப்பதோ அவர் கேட்காத, பாஷையும் புரியாத ஏதோ ஒரு சேனல். அதிலிருந்து தப்பி நிகழ்ச்சி நிரலுக்குப் போனால், விளம்பரப் பட்டை ஒன்று பாதித் திரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேரன் வந்து சரியான எண்ணை அமுக்குவதற்குள் தலைப்புச் செய்திகள் முடிந்து வானிலை வந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 1959 செப்டம்பர் 15ஆம் தேதி டெல்லியில் சோதனை முறையில் துவங்கி, 1975ல் சென்னைக்கு வந்த தூர்தர்ஷனுக்கு நிரல் தேவைப்படவில்லை. இருந்ததே ஒரு சேனல். வெள்ளிக்கிழமை என்றால் ஒளியும் ஒலியும், ஞாயிறு பிற்பகல் என்றால் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படம் என்று ஊருக்கே மனப்பாடம். தமிழ்ப் படத்தின் முறை எப்போது வரும் என்று டெல்லித் தமிழர்கள் வாரக்கணக்கில் காத்துக்கிடப்பார்கள். ரேடியோவுக்கோ ஆல் இந்தியா ரேடியோவே 'வானொலி' என்ற பத்திரிகையை அச்சடித்து விற்றது. எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு யார் கச்சேரி என்பதைத் தெரிந்துகொள்ளவே அதை வாங்கியவர்கள் உண்டு.

1991ல் ஸ்டார் டி.வி.யும் 1993ல் சன் டி.வி.யும் வந்தபின் நிலைமை தலைகீழானது. இன்று நாட்டில் அனுமதி பெற்ற தனியார் சேனல்கள் மட்டும் சுமார் 900. நாளிதழின் மூலையில் நாலு அங்குலத்தில் அடங்கிய நிரல் இப்போது செட்டாப் பாக்ஸுக்குள் குடியேறிவிட்டது. அங்கே அது வெறும் தகவல் அல்ல. கடைத் தெருவில் முனைக் கடைக்கு என்ன மவுசோ, நிரலில் முன்னால் வரும் சேனலுக்கும் அதே மவுசு. பெட்டியைத் திறந்ததும் தானாகத் தெரியும் 'லேண்டிங் பேஜ்' இடத்துக்குச் சேனல்கள் பணம் கொட்டித் தருகின்றன. பார்க்க நினைக்காதவர் வீட்டில்கூட ஒரு நிமிடமாவது தலைகாட்டிவிட்டால் ரேட்டிங் ஏறும் என்பது கணக்கு. ரேட்டிங்கில் இடம்பெறும் சேனல்களை அந்த இடத்தில் வைக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 டிசம்பரில் உத்தரவிட்டது. 2019ல் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. ஒரே வகைச் சேனல்களை நிரலில் ஒன்றாகத்தான் அடுக்க வேண்டும் என்று 2017ன் விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் அந்த வரிசைக்குள் யார் முன்னால், யார் பின்னால் என்பது வீட்டுக்காரர் கையில் இல்லை.

அதை வீட்டுக்காரர் கைக்கு மாற்றும் வேலைதான் இப்போது பல வீடுகளில் ஓசையில்லாமல் நடக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று, கூரையில் ஒரு டிஷ், இலவச மென்பொருள் இரண்டு. இவ்வளவு இருந்தால் நேரடி ஒளிபரப்பும் நிகழ்ச்சி நிரலும் வீட்டுக்கே சொந்தமான ஒரு பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

அடுக்களையும் பந்தியும்

இந்த வித்தை புதிதல்ல. 2002ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் மீடியா சென்டர் பதிப்பைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு லினக்ஸ்காரர்கள் மித்டிவியைத் துவக்கினார்கள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் சினிமா பார்க்க வேண்டும் என்ற ஆசையில் சில இளைஞர்கள் எழுதிய மென்பொருள் 2003ல் எக்ஸ்.பி.எம்.சி. என்ற பெயர் பெற்றது. 2014ல் அது 'கோடி' ஆயிற்று. பெயர்தான் கோடி, விலை ஒரு பைசா கிடையாது. 2013ல் வந்த அதன் 12ஆவது பதிப்பில்தான் நேரடி டி.வி.யும் நிரலும் முறையாக இடம்பிடித்தன.

கோடி தானாக எந்தச் சேனலையும் பிடித்துத் தராது என்பதைப் புதிதாக வருகிறவர்கள் புரிந்துகொள்வதில்லை. பந்தியில் பரிமாறுவதுதான் அதன் வேலை. அடுக்களையில் சமைக்க வேறு ஆள் வேண்டும். சமிக்ஞையை வாங்கி, சேனல்களைப் பிரித்து, நிரலைச் சேகரித்து, வேண்டியதைப் பதிவும் செய்து வைக்கும் அந்த ஆளுக்கு டி.வி. ஹெட்எண்ட் என்று பெயர். லினக்ஸில் ஓடும். இதுவும் இலவசம். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம். அல்லது சமையல் மொட்டை மாடி அறையில் நடக்க, பந்தி வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் நடக்கலாம். நடுவில் வேண்டியது வீட்டு நெட்வொர்க் மட்டுமே.

எந்தச் சேனல்கள் இப்படிப் பிடிபடும்? இங்கேதான் பலரின் உற்சாகம் பாதியாகிறது. கேபிளிலும் டி.டி.எச். நிறுவனங்களிலும் வரும் சேனல்கள் பூட்டுப் போட்டுத்தான் வருகின்றன. சாவி அந்தந்த நிறுவனத்தின் பாக்ஸுக்குள் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் எந்தப் பாக்ஸும் பொருந்த வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. ஆனால் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் பழைய பாக்ஸைப் பரணில் போட வேண்டிய நிலை இன்றும் மாறவில்லை. இந்தச் சாவியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கச் சட்டப்படியான வழி கிடையாது.

பெரும்பாலும் பூட்டில்லாமல் வருவது பிரசார் பாரதியின் டி.டி. ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் துவங்கியது. மாதச் சந்தா இல்லை. நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இது இருப்பதாக மதிப்பீடு. தூர்தர்ஷனின் சேனல்கள், ஏலத்தில் இடம்பிடித்த தனியார் சேனல்கள், கல்விச் சேனல்கள் எல்லாம் உண்டு. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை உதறி டி.டி. தமிழ் ஆன சேனலும் இதில் கிடைக்கிறது. தமிழின் பிரபலமான கட்டணச் சேனல்களை இதில் தேடுவது வீண். மெகா சீரியலே உலகம் என்றிருக்கும் வீட்டில் பழைய செட்டாப் பாக்ஸைத் தூக்கி எறிவது குடும்ப அமைதிக்கு நல்லதல்ல.

மாடியில் ஒரு மணி நேரம்

ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு, 2015 நவம்பரில் விண்ணில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் அது நிற்கிறது. ஆகவே டிஷ் எங்கே பார்க்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் தென்கிழக்கே திருப்பி, தரையிலிருந்து சுமார் 68 டிகிரி நிமிர்த்த வேண்டும். கிட்டத்தட்ட உச்சி வானத்தைப் பார்க்கும். மும்பையில் அதே தென்கிழக்கு, 58 டிகிரி. கொல்கத்தாவில் ஏறக்குறைய நேர் தெற்கு, 63 டிகிரி. டெல்லியில் தெற்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே, 52 டிகிரி. வடக்குப் பார்த்த பால்கனி மட்டும் உள்ள ஃபிளாட்வாசிகள் மொட்டை மாடிக்குத்தான் போயாக வேண்டும். 60 சென்டிமீட்டர் அகல டிஷ் போதும். எதிரே மரக்கிளை இருந்தால் இன்று பிடிபடும் சேனல் அடுத்த மழைக்காலத்தில் இலை தழைத்ததும் காணாமல் போகும். அடைமழை கொட்டும்போது படம் உடைவதற்கு வைத்தியம் இல்லை. இந்த அலைவரிசையின் சுபாவம் அது.

அடுத்து ட்யூனர். கம்ப்யூட்டருக்குள் செருகும் அட்டையாகவோ, யு.எஸ்.பி. துளையில் மாட்டும் சிறு பெட்டியாகவோ கிடைக்கிறது. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, டி.வி.பி.-எஸ்2 தரத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பழைய டி.வி.பி.-எஸ் மட்டும் புரிந்தவற்றுக்குப் பாதிச் சேனல்கள் எட்டாது. இரண்டு, லினக்ஸில் அதற்கு டிரைவர் உண்டா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும். விண்டோஸில் ஓடுகிறது என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் டி.வி. ஹெட்எண்டுக்கு அதனால் பயனில்லை. மூன்று, தனி அடாப்டர். டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி.க்கு மின்சாரம் அனுப்புவது ட்யூனர்தான். 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. செங்குத்து அலைகளை வாங்கும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலைகளை வாங்கும். இவ்வளவையும் யு.எஸ்.பி. துளையிலிருந்து உறிஞ்ச நினைத்தால் சமிக்ஞை வந்து வந்து போகும்.

ஏற்கெனவே செட்டாப் பாக்ஸுக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டிப் பங்கு போடுவதும் வழக்கமான தவறு. ஒரே எல்.என்.பி.க்கு இரண்டு பெட்டிகள் ஆளுக்கொரு வோல்ட்டேஜில் கட்டளை போட்டால் அது யார் பேச்சைக் கேட்கும்? இரண்டு வாய் கொண்ட எல்.என்.பி.யை மாட்டி, இரண்டு ஒயர் இழுப்பதே உத்தமம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. செயற்கைக்கோளின் ஒரு டிரான்ஸ்பாண்டரில் ஒரு சேனல் மட்டும் வருவதில்லை. பல சேனல்கள் ஒரே கட்டாக வருகின்றன. இந்தக் கட்டுக்கு 'மக்ஸ்' என்று பெயர். ஒரு ட்யூனர் ஒரு கட்டைப் பிடித்துவிட்டால் அதிலிருக்கும் அத்தனை சேனலும் கைக்குள். பாட்டி ஒன்றைப் பார்க்க, பேரன் இன்னொன்றைப் பார்க்க, மூன்றாவது பதிவாகிக்கொண்டிருக்கலாம். மூன்றும் ஒரே கட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரண செட்டாப் பாக்ஸ் இந்தச் சலுகையைத் தருவதில்லை.

கம்ப்யூட்டர் மேஜையில்

டி.வி. ஹெட்எண்டை நிறுவியபின் அதன் பக்கத்தை பிரௌசரில் திறக்க வேண்டும். 9981 என்பது அதன் கதவு எண். பார்த்த மாத்திரத்தில் விமானி அறைபோல மிரட்டும். வேலை என்னவோ ஐந்து படிதான்.

முதலில் ட்யூனரை இயக்கத்துக்குக் கொண்டுவந்து, எல்.என்.பி. வகையை யுனிவர்சல் என்று குறிக்க வேண்டும். இரண்டாவதாக, செயற்கைக்கோளுக்கென ஒரு 'நெட்வொர்க்' உருவாக்கி 93.5 கிழக்கு என்று இடம் சொல்ல வேண்டும். மூன்றாவது படியில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். உருவாக்கிய நெட்வொர்க்கை ட்யூனரோடு இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் மென்பொருள் ஒரு தவறும் சொல்லாது, ஒரு சேனலும் தராது. இரவு முழுக்க டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு விடியற்காலையில் இந்த ஒரு கட்டம் காலியாக இருந்ததைக் கண்டுபிடிப்பவர்கள் அநேகம். நான்காவதாக, மக்ஸ் ஒவ்வொன்றின் அதிர்வெண், சிம்பல் ரேட் ஆகியவற்றைச் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும். பிரசார் பாரதி அவ்வப்போது இவற்றை மாற்றுவதால் பழைய பட்டியலை நம்பாமல் புதியதைப் பார்த்துப் போடுவது நல்லது. ஐந்தாவதாக, கிடைத்தவற்றில் வேண்டியதை மட்டும் சேனல்களாக ஏற்க வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றால் பழைய செட்டாப் பாக்ஸின் குப்பையே இங்கும் சேரும்.

அதன்பின் கோடியில் டி.வி. ஹெட்எண்டுக்கான இணைப்பு நிரலை நிறுவி, கம்ப்யூட்டரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். சேனல்கள் வரிசையாக வந்து நிற்கும். தூர்தர்ஷனின் சாதாரணத் தரச் சேனல்களில் வேகமான காட்சிகளின் ஓரம் சீப்பின் பற்கள்போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒற்றைவரிசை, இரட்டைவரிசை என்று படத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பும் பழைய முறையின் அடையாளம் அது. 'டீஇன்டர்லேஸ்' என்ற தேர்வை இயக்கினால் சரியாகிவிடும்.

நிரல் என்ற புதிர்

படம் வந்துவிட்டது. நிரல்? வெறுமையாக இருக்கும், அல்லது 'இப்போது', 'அடுத்து' என்று இரண்டே வரி இருக்கும். குற்றம் கம்ப்யூட்டருடையது அல்ல. டிஜிட்டல் ஒளிபரப்புத் தரத்தில் நிரலுக்கென்றே படத்தோடு சேர்ந்து வரும் அட்டவணைகள் உண்டு. நடந்துகொண்டிருப்பது, அடுத்து வருவது ஆகிய இரண்டையும் சொல்வது கட்டாயம். அதற்குமேல் சொல்வது ஒளிபரப்புகிறவரின் இஷ்டம். 64 நாள் நிரலை முன்கூட்டியே அனுப்ப அந்தத் தரத்தில் இடம் இருக்கிறது. அனுப்ப மனமும் ஆளும் வேண்டும்.

ஆகாயத்திலிருந்து நிரல் வராதபோது வெளியிலிருந்து கொண்டுவரப் பயன்படுவது எக்ஸ்.எம்.எல்.டி.வி. என்ற கோப்பு வடிவம். எந்தச் சேனல், எப்போது துவக்கம், எப்போது முடிவு, என்ன நிகழ்ச்சி என்பதை வரிவரியாக எழுதிய சாதாரணக் கோப்புதான். சேனலுக்குக் கோப்பில் கொடுத்த அடையாளமும் ஹெட்எண்டில் இருக்கும் சேனலும் ஒன்றோடொன்று கோக்கப்பட வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் மென்பொருள் தானாக இணைக்காது. ஜாதகம் பொருந்தியும் முகவரி தவறிய கதைதான். அப்போது கையால் கோத்துவிட வேண்டும்.

இந்திய வீடுகளில் இன்னும் இரண்டு தொல்லைகள் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது நேரம். ஒளிபரப்பு அட்டவணைகளில் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படும். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் இரவு 7.30 நிகழ்ச்சி நிரலில் பிற்பகல் 2 மணிக்குக் குடியேறிவிடும். கம்ப்யூட்டரின் நேர வட்டாரத்தை கொல்கத்தா என்று குறித்து, எக்ஸ்.எம்.எல்.டி.வி. கோப்பில் ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் '+0530' இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, நேரத்தை நம் கணக்கில் எழுதிவிட்டு உலகக் கணக்கு என்று தப்பாகக் குறிக்கும் ஆசாமிகளால் வருவது. ஐந்தரை மணி வித்தியாசம் தெரிந்தால் காரணம் இதுவே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இரண்டாவது எழுத்து. ஒளிபரப்புத் தரத்தின் அடிப்படை எழுத்து முறை ஐரோப்பாவின் ரோமன் எழுத்துகளுக்காக வகுக்கப்பட்டது. தமிழில் நிகழ்ச்சிப் பெயரை அனுப்ப வேண்டுமானால் 'இது யுனிகோட்' என்று சொல்லும் ஒரு குறி முன்னால் வர வேண்டும். அந்தக் குறி விட்டுப்போனால் திரையில் வருவது தமிழும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. குறி சரியாக இருந்தும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், கோடியின் தோற்ற அமைப்பில் உள்ள எழுத்துருவுக்குத் தமிழ் தெரியவில்லை என்று அர்த்தம். அமைப்புகளில் ஏரியல் அடிப்படையிலான எழுத்துருவுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

நிரல் யார் சொத்து?

இத்தனை சிரமப்பட்டுக் கொண்டுவரும் நிரல் கோப்பை எழுதுவது யார்? இந்தக் கேள்வி மேல்நாடுகளில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அயர்லாந்தில் மேகில் என்ற பதிப்பகம் எல்லாச் சேனல்களின் வார நிரலையும் ஒரே பத்திரிகையில் தர முயன்றது. ஆளுக்கொரு நிரல் பத்திரிகை நடத்திவந்த ஆர்.டி.இ., பி.பி.சி. முதலிய நிறுவனங்கள் காப்புரிமையைக் காட்டித் தடுத்தன. இது ஆதிக்கத்தைத் துஷ்பிரயோகம் செய்வதாகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995ல் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவில் ஐஸ்டிவி என்ற நிறுவனம் நைன் நெட்வொர்க்கின் நிகழ்ச்சிப் பெயர்களையும் நேரங்களையும் பயன்படுத்தியது காப்புரிமை மீறல் அல்ல என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2009ல் கூறியது.

வழக்கில் ஜெயித்தாலும் நிரல் நாளைக்கும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் மித்டிவிக்காரர்களுக்கு இலவசமாக நிரல் வழங்கிவந்த நிறுவனம் 2007ல் நிறுத்திக்கொண்டது. பயனாளர்களே கூடி, லாப நோக்கமற்ற ஒரு அமைப்பைத் துவக்கி, சந்தா போட்டு நிரலை வாங்கினார்கள். மைக்ரோசாஃப்ட் 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரைக் கைவிட்டது. பழைய கம்ப்யூட்டர்களில் அதை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கான நிரல் சேவையும் 2020ல் நின்றது. பெட்டி நன்றாக ஓடியது. அடுத்து என்ன நிகழ்ச்சி என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

இந்தியாவில் உலவும் நிரல் கோப்புகளில் பலவும் தனி ஆர்வலர்கள் சேனல்களின் தளங்களிலிருந்து திரட்டித் தருபவை. தளத்தின் அமைப்பு மாறினால் மறுநாள் நிரல் காலி. ஆகவே ஒரே கோப்பை நம்பாமல், ஆகாய நிரலையும் கூடவே இயக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

இதைவிடப் பெரிய பள்ளம் வேறொன்று. நிரலோடு சேர்த்து ஆயிரக்கணக்கான கட்டணச் சேனல்களையும் 'இலவசமாக' தருவதாகச் சொல்லும் பட்டியல்கள் தாராளமாகக் கைமாறுகின்றன. மாதம் நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு விற்கிறவர்களும் உண்டு. ஒளிபரப்பின்மீது ஒளிபரப்பாளருக்கு 25 ஆண்டு உரிமை உண்டு என்கிறது 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். அனுமதியின்றி அதை மறு ஒளிபரப்புச் செய்வது குற்றம். பட்டியல் கொடுப்பவர் பெயர் தெரியாத ஆள். அவர் தரும் மென்பொருளை வீட்டு நெட்வொர்க்குக்குள் விடுவது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். வங்கிக் கணக்கைத் திறக்கும் செல்போனும் அதே நெட்வொர்க்கில்தான் இருக்கிறது.

அதே சட்டம் வீட்டுக்காரருக்கு ஒரு சலுகையும் தந்திருக்கிறது. தன் சொந்த உபயோகத்துக்கு ஒருவர் ஒளிபரப்பைப் பதிவு செய்துகொள்வது மீறல் ஆகாது என்கிறது 39ஆவது பிரிவு. நிரல் சரியாக அமைந்த வீட்டில் இதன் அருமை தெரியும். நிகழ்ச்சியின் பெயரைத் தேர்ந்து 'பதிவு செய்' என்றால் போதும். வாராவாரம் தானாகப் பதிவாகும். சாதாரணத் தரச் சேனல் ஒன்று விநாடிக்கு 3 மெகாபிட் என்று கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1.35 ஜி.பி. இடம் பிடிக்கும். ஒரு டெராபைட் வன்தட்டில் 700 மணி நேரத்துக்குமேல் அடங்கும். துவக்கத்துக்கு ஐந்து நிமிடம் முன்பும் முடிவுக்குப் பத்து நிமிடம் பின்பும் கூடுதலாகப் பதியும்படி அமைத்துக்கொள்வது அவசியம். தேர்தல் முடிவு நாளிலும் கிரிக்கெட் நாளிலும் அதுவும் பற்றாது.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. டி.வி.க்குள்ளேயே செயற்கைக்கோள் ட்யூனரை வைப்பதற்கான தரத்தை இந்திய தர நிர்ணய அமைப்பு 2022ல் வகுத்தது. அப்படிப்பட்ட டி.வி.யில் டிஷ் ஒயரை நேரடியாகச் செருகினால் ஃப்ரீ டிஷ் வந்துவிடும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் துவக்கிய வேவ்ஸ் செயலியில் இணையம் வழியாகவும் தூர்தர்ஷன் சேனல்களைப் பார்க்கலாம். பார்ப்பதற்கு இவை போதும். நிரலின் வரிசையை மாற்றும் அதிகாரம் மட்டும் இவற்றில் அடங்காது.

கம்ப்யூட்டர் வழியில் போன வீட்டில் அந்த அதிகாரம் உண்மையாகவே கைமாறுகிறது. கோடியில் சேனல்களைக் குழுக்களாகப் பிரிக்கலாம். ஒரு குழுவுக்கு 'பாட்டி' என்றே பெயரிட்டு, அதில் அவருக்கு வேண்டிய ஏழெட்டுச் சேனல்களை மட்டும் வைக்கலாம். முதல் எண்ணில் டி.டி. தமிழ். பெட்டியைப் போட்டதும் நேராக டி.வி.க்குள் நுழைந்து, கடைசியாகப் பார்த்த சேனலில் நிற்கும்படியும் அமைக்கலாம். டிராயும் தீர்ப்பாயமும் மல்லுக்கட்டிய லேண்டிங் பேஜ் விவகாரத்தை அந்த வீட்டில் பாட்டியே முடித்துவைக்கிறார். இரண்டு ரிமோட்டுகளில் ஒன்று மேஜை இழுப்பறைக்குள் போய்விடுகிறது.

பேரனுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. பிரசார் பாரதி அதிர்வெண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி தேட வேண்டும். நிரல் கோப்பு நின்றுபோனால் வேறு பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்த ஒரு நாள் மாலை, நிரலில் 7 மணி என்று போட்ட நிகழ்ச்சி 7.08க்குத்தான் துவங்கும். நிரல் சரி, கடிகாரம் சரி, கம்ப்யூட்டரும் சரி. விளம்பரத்தை முடித்துவிட்டு வருவதற்குச் சேனலுக்கு எட்டு நிமிடம் பிடித்திருக்கிறது. அதைச் சரிசெய்யும் மென்பொருள் மட்டும் இன்னும் யாரிடமும் இல்லை.